ஓடினால் குளிர், நின்றால் சூடு: கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஹைப்ரிட் காரின் ஏ.சி.

ஏ.சி. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் ஓடும் காரில், சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர் குறைந்தால் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். எஞ்சின் ஐட்லிங்கில் 800 ஆர்.பி.எம். பக்கம் கிடக்கிறது, கம்ப்ரசரும் அதோடு சேர்ந்து மெதுவாகத்தான் சுற்றும். ஸ்ட்ராங் ஹைப்ரிட் காரில், அதாவது எஞ்சினோடு பேட்டரி மோட்டாராலும் ஓடும் காரில், அந்த நியாயம் செல்லாது. அங்கே கம்ப்ரசருக்கு பெல்ட்டே கிடையாது. கம்ப்ரசருக்குள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறது, அதை ஹைவோல்டேஜ் பேட்டரி சுழற்றுகிறது. எஞ்சின் அணைந்து கிடந்தாலும் வேண்டிய வேகத்தில் ஓடும். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் இந்த ஏற்பாடு வந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் இதுவே வழக்கமாகிவிட்டது.

ஆகவே ஒரு ஹைப்ரிட் கார் "ஓடும்போது நல்லா இருக்கு, நின்னா சூடாயிடுது" என்ற புகாரோடு வந்தால், கேஸ் சிலிண்டரைத் தொடுவதற்கு முன், கேஸின் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் முன்பக்கக் கண்டன்சரையும் அதன் விசிறியையும் பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தக் காருக்கு அதற்குள் ஒரு முறை கேஸ் ஏற்றப்பட்டிருந்தது. அதனால் சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிட்டிருந்தது.

கார் ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியையுடையது. வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள். பக்கத்திலேயே தென்னை நார் மில்கள். வயதான அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு அடிக்கடி போய்வருகிறார். மார்ச் பிறந்ததும் புகார் தொடங்கியிருக்கிறது. மெயின் ரோட்டில் வேகமாகப் போகும்போது பரவாயில்லை. குனியமுத்தூர் தாண்டி ஆத்துப்பாலம் நெரிசலில் ஊர்ந்தால் வெந்நீர் ஆவி மாதிரி காற்று வருகிறது.

"தம்பி, போன வருசமெல்லாம் அப்பா துண்டைப் போத்திக்குவாரு, அவ்வளவு குளுரும். இப்ப அவருக்கு வேர்த்து ஊத்துது" என்றார்.

"காத்து வேகமாத்தான் வருதுங்களா டீச்சர்? இல்ல காத்தே குறைஞ்சிருக்குதுங்களா?"

"காத்துக்கு ஒரு குறையும் இல்ல. குளிர்ச்சிதான் இல்ல."

இந்த ஒரு பதிலே பாதி வேலையை மிச்சப்படுத்தியது. காற்றின் அளவு குறையவில்லை என்றால் ப்ளோயர் மோட்டாரும் கேபின் ஃபில்டரும் முதல் குற்றவாளிகள் அல்ல. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தோம். பழுப்பேறியிருந்தது, ஆனால் அடைக்கவில்லை. அதோடு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டோம்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு முக்கியமாகப் பட்டது. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் பக்கம் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் இப்போது 18 காட்டுகிறதாம். ஏ.சி. புகாரோடு மைலேஜ் புகாரும் சேர்ந்து வந்தால், ஹைப்ரிட்டில் அவை இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரசர் எடுக்கும் கரண்ட், எஞ்சின் அடிக்கடி எழுந்து பேட்டரியை நிரப்பிய கரண்ட்தானே.

முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். கேஜ் (அழுத்தமானி) மாட்டி, "இருபத்தஞ்சுதான் இருக்கு, கேஸ் கம்மி" என்று அவரிடமே காட்டிவிட்டு, ஏற்றியிருக்கிறார்கள். எடை போட்டுப் பார்க்கவில்லை. அன்று மாலை நன்றாக இருந்ததாம். சில நாளில் முன்பைவிட மோசமாகியிருக்கிறது.

அந்த 25 என்ற எண்ணை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் நல்ல அனுபவமுள்ள மெக்கானிக்குகளே இதில் வழுக்குகிறார்கள். பெல்ட் காரில் தாழ்பக்க அழுத்தம், அதாவது கம்ப்ரசருக்குள் கேஸ் நுழையும் பக்கத்து அழுத்தம், 35, 40 பி.எஸ்.ஐ. இருந்து பழகிய கண் அது. ஹைப்ரிட்டில் கம்ப்ரசர் வேகம் நொடிக்கு நொடி மாறும். ஏ.சி. போட்ட புதிதில் அது முழு வேகத்தில் இழுக்கும்போது, கேஸ் சரியாக இருந்தாலும் தாழ்பக்கம் 25க்கு இறங்கலாம். வேகம் குறைந்ததும் அதே கேஜ் ஏறிவிடும். கம்ப்ரசர் அந்த நேரத்தில் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியாமல் கேஜைப் படித்தால், பாதி வாக்கியத்தைப் படித்தது போலத்தான்.

ஸ்கேனர் சொன்னது

அதனால் கேஜுக்கு முன், காரின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினோம். வெளியே 38 டிகிரி. பாலக்காட்டுக் கணவாயின் கோடை பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மேற்குத் தொடர்ச்சி மலை 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுக்கும் இடைவெளி இது; மார்ச், ஏப்ரலில் கிழக்கிலிருந்து வரும் காய்ந்த காற்று இதன் வழியாகத்தான் உள்ளே பாயும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. கேரளம் என்றால் பசுமை, ஈரம் என்று நினைத்து வருகிறவர்கள் சித்தூர் தாலூகாவில் மத்தியான நேரத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் தன்னை மறைத்துக்கொள்ளும் கண்டன்சர் கோளாறு இங்கே 38இல் ஒளிய முடியாது.

நிழலில் நிறுத்தி, காரை ஓடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து (ரெடி விளக்கு எரியவிட்டு), ஈகோ மோடை அணைத்து, வெப்பநிலையைக் கடைசிவரை குறைத்து, உள்காற்றுச் சுழற்சியில் வைத்தோம். ஈகோ மோடை அணைப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அந்த மோடில் ஏ.சி.யின் உழைப்பை காரே குறைத்துக்கொள்ளும். அது போட்டிருக்கும்போது அளந்தால், இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்போம்.

தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. கம்ப்யூட்டர் கம்ப்ரசரிடம் 5,200 ஆர்.பி.எம். கேட்டது, கம்ப்ரசரும் அதைக் கொடுத்தது. கேட்ட வேகமும் கிடைத்த வேகமும் ஒன்றாக இருந்ததால், மோட்டாரும் அதை ஓட்டும் இன்வெர்ட்டரும் நலம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நடுக் காற்றுத் துவாரத்தில் வைத்த தெர்மாமீட்டர் 11 டிகிரிக்கு இறங்கியது. உயர்பக்க அழுத்தம், அதாவது கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்து அழுத்தம், 240 பி.எஸ்.ஐ.

அப்புறம் அந்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. 270, 300, 330. ஒவ்வொரு படியிலும் கம்ப்யூட்டர் கேட்கும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. 360ஐத் தொட்டபோது கம்ப்ரசர் வெறும் 1,900இல் ஓடிக்கொண்டிருந்தது. தாழ்பக்கம் 60க்கு ஏறிவிட்டது. துவாரத்தில் 21 டிகிரி. டீச்சர் ஆத்துப்பாலத்தில் அனுபவித்த சூடு எங்கள் ஷெட்டில் நின்றபடியே எங்கள் முன்னால் வந்துவிட்டது.

இங்கேதான் ஹைப்ரிட் கார் நம்மை ஏமாற்றும். பழைய காரில் அழுத்தம் அளவு மீறினால் பிரஷர் ஸ்விட்ச் கிளட்சை விடுவிக்கும். "டக்" என்று சத்தம் கேட்கும், குளிர் முழுதாக நிற்கும், எல்லோருக்கும் தெரியும். இந்த காரின் கம்ப்யூட்டரோ அபாய எல்லைக்கு வெகு முன்னாலேயே கம்ப்ரசரின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைக்கிறது. கோளாறு விளக்கு எரியாது, எரர் கோடும் (கோளாறைச் சொல்லும் குறியெண்) பதிவாகாது. கம்ப்ரசரைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு "கம்ப்ரசர் வீக்" என்றே தோன்றும். வேறிடத்தில் டீச்சரிடம் கம்ப்ரசரை மாற்றச் சொல்லியும் இருக்கிறார்கள். ஹைப்ரிட் கம்ப்ரசர் எவ்வளவு விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் புரியும்.

இந்தக் காரின் ஏ.சி.யில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் 360 பி.எஸ்.ஐ.யில் திரவமாக மாறும் வெப்பநிலை ஏறத்தாழ 79 டிகிரி. வெளிக்காற்று 38. நல்ல கண்டன்சர் வெளிக்காற்றைவிட 15, 20 டிகிரி அதிகத்தில் இந்த வேலையை முடித்துவிடும். இங்கே 41 டிகிரி வித்தியாசம். கேஸிலிருந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் திணறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை.

தண்ணீரும் காகிதமும்

உறுதிப்படுத்த விலையில்லாத ஒரு சோதனை இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை மெல்லத் திறந்து, முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் தண்ணீரை வழியவிட வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது. விட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 360 இறங்கி 230 பி.எஸ்.ஐ.க்கு வந்தது, கம்ப்யூட்டர் கம்ப்ரசர் வேகத்தை மறுபடி 4,000க்கு மேல் உயர்த்தியது, துவாரத்தில் 12 டிகிரி. தண்ணீரை நிறுத்தியதும் பழைய கதை. கம்ப்ரசர், எக்ஸ்பான்ஷன் வால்வ், உள்ளே இருக்கும் கூலிங் காயில் ஆகிய மூன்றும் தப்பித்துவிட்டன. இந்த வரிசையை டீச்சர் பக்கத்தில் நின்று ஸ்கேனர் திரையிலேயே பார்த்தார். அவருக்கும் அதன்பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

விசிறி? அது ஓடியது. முழு வேகத்துக்கும் போனது. ஆனால் ஓடுவது வேறு, காற்றை இழுப்பது வேறு. ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரை கிரில்லுக்கு முன் பிடித்தால், விசிறி முழு வேகத்தில் இருக்கும்போது அது கண்டன்சரில் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் பக்கம் மேல் மூலையில் ஒட்டியது. நடுவிலும் கீழ்ப் பாதி முழுவதிலும் பேப்பர் நழுவித் தரையில் விழுந்தது.

ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டன்சரின் முகம் சுத்தமாக இருந்தது! வாட்டர் சர்வீஸ் செய்யும்போதெல்லாம் முன்னாலிருந்து கழுவிவிடுகிறார்கள். அழுக்கு இருந்த இடம் பின்னால். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு விரல் நுழையாத சந்து இருக்கிறது. மேலேயிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கண்டன்சரின் மேல் பிடிப்புகளை விடுவித்து, பைப்பைத் திறக்காமலே அதை லேசாக முன்னால் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தோம். ரேடியேட்டர் முகத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு போர்வை படிந்திருந்தது. விரலால் உரித்தால் அட்டையாகவே வந்தது. தென்னை நார்த்தூள்.

நார் மில் களத்தில் மலை மாதிரிக் குவித்திருப்பார்களே, அதே தூள்தான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும் குணம் அதற்கு. செடி வளர்ப்புக்குக் கட்டி கட்டியாக ஏற்றுமதி ஆவதே அதனால்தான். காய்ந்த காற்றில் பறந்து கண்டன்சரின் தகடுகள் வழியே நுழைகிறது, அடுத்திருக்கும் ரேடியேட்டரில் தங்குகிறது. முன்னாலிருந்து கழுவினால் நனைந்து உப்பி, இன்னும் உள்ளே போய், எஞ்சின் சூட்டில் காய்ந்து இறுகுகிறது. ஒவ்வொரு வாட்டர் சர்வீஸும் அந்த அட்டைக்கு ஒரு பூச்சு. நடுவே பிப்ரவரி அறுவடையின் நெல் உமியும், இலவம்பஞ்சும், சில பூச்சிகளும். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சிச் சாலைகளில் ஓடும் எந்தக் காருக்கும் இது நேரலாம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ஓரளவு தள்ளிக்கொண்டு நுழைந்துவிடும். நின்றால் விசிறி மட்டும்தான், விசிறியால் இந்த அட்டையைத் தாண்டிக் காற்றை இழுக்க முடியாது. நின்றால் சூடு என்ற புகாருக்கு இதுதான் வேர்.

சுத்தம் செய்தது பின்னாலிருந்து முன்னால். முதலில் காய்ந்த நிலையிலேயே மெல்லிய பிரஷ்ஷும் வேக்யூம் கிளீனரும். பிறகுதான் தண்ணீர், அதுவும் அழுத்தம் குறைத்து. பிரஷர் வாஷரை அந்த இடத்தில் காட்டினால் அலுமினியத் தகடுகள் படுத்துவிடும், பிறகு சுத்தமாக இருந்தும் காற்றுப் போகாது. முன்பே மடங்கியிருந்த தகடுகளைச் சீப்புக் கருவியால் பொறுமையாக நிமிர்த்தினோம். பேப்பர் இப்போது எல்லா இடத்திலும் ஒட்டியது.

ஏற்றிய கேஸை எடை போட்டோம்

இத்தோடு விட்டிருந்தால் கார் ஓரளவு சரியாகியிருக்கும். ஆனால் எடை போடாமல் ஏற்றிய கேஸ் உள்ளே இருக்கிறதே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

காரை இரவு முழுதும் ஷெட்டில் நிறுத்திவிட்டு, காலையில் எதையும் ஓட்டாமல், டிஜிட்டல் கேஜை மாட்டினோம். ஷெட், எஞ்சின் பகுதி, கண்டன்சர் எல்லாமே 28 டிகிரி. நிற்கும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருக்கும்வரை, 150 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் 28 டிகிரியில் ஆர்-134ஏ காட்டுவது சுமார் 91 பி.எஸ்.ஐ.தான். அது வெப்பநிலையின் கணக்கு. "நிக்கும்போதே தொண்ணூறு இருக்கு, கேஸ் ஃபுல்லு" என்று சொல்வதில் பொருளே இல்லை.

ஆனால் அதே அளவீடு வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் கேஜில் 98 இருந்தது. கேஜின் பூஜ்யத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி மாட்டினோம், அதே 98. கேஸின் கணக்குக்கு மேலே 7 பி.எஸ்.ஐ. இருந்தால் உள்ளே வேறு ஏதோ விருந்தாளி இருக்கிறது என்று அர்த்தம். அது காற்று. ஹோஸில் இருந்த காற்றை வெளியேற்றாமல் டாப்-அப் செய்தால் அதுவும் கேஸோடு உள்ளே போகும். காற்று கண்டன்சரில் திரவமாகாது. மேலே தேங்கி இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். காற்றோடு ஈரமும் வரும், அந்த ஈரம்தான் எனக்குப் பெரிய கவலை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ரெகவரி மெஷினில் கேஸ் முழுவதையும் இழுத்து எடை பார்த்தோம்: 640 கிராம். பானட்டின் அடியில் இருக்கும் ஸ்டிக்கர் சொல்வது 500 கிராம், கூடவோ குறையவோ 30. ஆக, கேஸ் குறைவு என்று சொல்லி ஏற்றிய காரில் 140 கிராம் மிகை. கண்டன்சரில் கேஸின் ஆவி குளிர வேண்டிய இடத்தில் திரவம் நிரம்பி நின்றால், ஏற்கெனவே நார்த்தூளால் பாதி செத்துப்போன கண்டன்சர் இன்னும் சுருங்குகிறது. ஏற்றிய மாலை நன்றாக இருந்தது என்றால், சூரியன் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ரெகவரி மெஷின் எதற்கு, வால்வைத் திறந்துவிட்டால் போகாதா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக பூமியைச் சூடாக்கும். இந்த 640 கிராமை வெளியே விட்டால் 900 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். 41 டிகிரியில் வேகும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் அதைச் செய்யக் கூடாது.

இப்போது எண்ணெய். ஏ.சி. வேலை செய்யும் எல்லாத் தம்பிகளும் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும். ஹைப்ரிட் கம்ப்ரசரில் மோட்டாரின் சுருள் கேஸும் எண்ணெயும் ஓடும் அதே அறைக்குள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் செம்புக் கம்பிகளை நனைத்துக்கொண்டு எண்ணெய் போகிறது. அதனால் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகை எண்ணெய்தான் அதற்கு. சாதாரணக் காருக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு சரியும். ஹைவோல்டேஜ் கசிகிறது என்று எரர் கோடு பதிந்து, கார் ரெடி நிலைக்கே வர மறுக்கலாம். இந்த எண்ணெய் பாட்டிலிலிருந்து மட்டும் வருவதில்லை. பல காருக்குப் பயன்படுத்திய மெஷினின் ஹோஸ் உள்சுவரில் ஒட்டியிருப்பதே போதும். கேனில் வரும் கேஸோடு எண்ணெயும் சாயமும் கலந்து விற்பதும் உண்டு. லேபிளைப் படிக்காமல் அதை ஹைப்ரிட்டில் ஏற்றக் கூடாது. பி.ஓ.இ. எண்ணெய்க்கு இன்னொரு பலவீனம், ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சிதைந்து அமிலமாகும். உள்ளே போன காற்றைப் பற்றி நான் கவலைப்பட்டது இதனால்தான்.

அதனால் மின்காப்பை அளந்தோம். ஹைவோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் தொடர்பான எந்த வேலைக்கும் முன்னால் காரை அணைத்து, சாவியைத் தூர வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஹைவோல்டேஜ் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் வடிய அந்த நேரம் வேண்டும். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, அதுவும் ஓட்டையில்லையா என்று ஊதிப் பார்த்த பிறகு. வீட்டில் யூடியூப் பார்த்து முயற்சி செய்யும் வேலை இது அல்ல. கண்டன்சரைக் கழுவுவது வேறு, இது வேறு. மின்காப்பை அளக்கும் மெக்கர் காட்டியது 50 மெகா ஓமுக்கு மேல். நல்ல வேளை, முன்பு ஏற்றியவர்கள் வெறும் கேஸைத்தான் ஏற்றியிருக்கிறார்கள், எண்ணெய் கலக்கவில்லை. கேஸோடு வெளியே வந்த எண்ணெய் வெளிறிய தேன் நிறத்தில், புளித்த வாடையில்லாமல் இருந்தது. அதே அளவு பி.ஓ.இ. எண்ணெயை, ஹைப்ரிட்டுக்கென்று தனியாக வைத்திருக்கும் ஹோஸ் வழியாகத் திருப்பி ஊற்றினோம்.

நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்ததில் எங்கும் கசியவில்லை. அதாவது இந்தக் காரில் கேஸ் குறையவே இல்லை. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீர்கிற பொருளும் அல்ல. பிறகு ஈரம் போக வெகுநேரம் வேக்கம் இழுத்து, அது அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, தராசில் 500 கிராம் ஏற்றினோம்.

அன்று மத்தியானமும் வெளியே 38. அதே நிழல், அதே அமைப்புகள். உயர்பக்கம் 215இல் நின்றது, தாழ்பக்கம் 32. துவாரத்தில் 8 டிகிரி. கம்ப்ரசர் முதலில் 5,000க்கு மேல் போய், கார் உள்ளே குளிர்ந்ததும் தானாகவே 2,800க்கு இறங்கி அங்கேயே இருந்தது. முன்பு 1,900க்கு இறங்கியது இயலாமையால். இப்போது 2,800க்கு இறங்கியது வேலை முடிந்ததால். வேகம் குறைந்திருக்கிறது என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, பக்கத்தில் அழுத்தத்தையும் கூலிங் காயில் வெப்பநிலையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பின் சீட்டு மெத்தை

மைலேஜ் கதை பாக்கியிருந்தது. ஸ்கேனரில் முதல் நாளே ஹைவோல்டேஜ் பேட்டரியின் வெப்பநிலை 46 டிகிரி காட்டியது. இந்தக் காரில் பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னால். தன்னைக் குளிர்விக்க அது கார் உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக்கொள்ளும். பின் சீட்டின் பக்கவாட்டில், கதவோரமாக, அதற்கான ஜாலி (காற்று நுழையும் சல்லடைத் தட்டி) இருக்கிறது. பார்த்தால் ஜாலியே தெரியவில்லை. அப்பா உட்கார வசதியாக இருக்கட்டும் என்று டீச்சர் பின் சீட்டில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை விரித்திருந்தார். அதன் ஓரம் மடிந்து ஜாலியை முழுக்க மூடியிருந்தது. ஜாலிக்குப் பின்னாலிருந்த சின்ன ஃபில்டரில் அதே நார்த்தூள், கூட மெத்தையின் பஞ்சு.

கார் உள்ளே சூடு, அந்தச் சூட்டுக் காற்றும் பேட்டரிக்குப் போக வழியில்லை. பேட்டரி சூடானால் அது கொடுக்கும் கரண்டையும் வாங்கும் கரண்டையும் கம்ப்யூட்டர் குறைக்கும். பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க முடியாமல் போகிறது, எஞ்சின் அதிக நேரம் ஓடுகிறது, எஞ்சின் ஓடினால் ரேடியேட்டர் சூடு, அந்தச் சூடு அதே நார்த்தூள் அட்டையில். குளிர் குறைவுக்கு இதன் பங்கு சிறிதுதான் என்று நினைக்கிறேன். மைலேஜ் இறங்கியதில் இதன் பங்கு பெரிது.

"அப்ப மெத்தையை எடுத்துரட்டுமா தம்பி? அப்பா அது இல்லாம உக்கார மாட்டாரே."

"எடுக்க வேண்டாங் டீச்சர். அந்த ஓரத்தை மட்டும் ஒரு சாண் வெட்டித் தச்சுருங்க. ஜாலி தெரியணும், அவ்வளவுதான்."

அவர் அன்றே தையற்கடையில் கொடுத்துவிட்டார். ஃபில்டரைச் சுத்தம் செய்து, பேட்டரி விசிறியின் இறக்கைகளில் ஒட்டியிருந்ததையும் துடைத்து மாட்டினோம். அடுத்த கோவைப் பயணத்தில், ஆத்துப்பாலம் நெரிசல் உட்பட, பேட்டரி 39 டிகிரியைத் தாண்டவில்லை. மீட்டர் மறுபடி 21 காட்டியது. அப்பா முன்பு போலத் துண்டைப் போர்த்திக்கொண்டாராம்.

ஒன்று இன்னும் முடியவில்லை. பேட்டரியின் நடு பிளாக் (செல்களின் தொகுதி) மற்ற பிளாக்குகளைவிட 3 டிகிரி அதிகமாகவே இருக்கிறது. காற்றில் குளிரும் பேட்டரியில் நடுவில் உள்ளவை சற்றுச் சூடாக இருப்பது இயல்புதான். இருந்தாலும் பல மாதங்கள் மூச்சு முட்டிக் கிடந்த பேட்டரி என்பதால், அந்த வித்தியாசம் அப்படியே நிற்கிறதா வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளி வெப்பநிலை, துவாரக் குளிர், இரு பக்க அழுத்தம், கம்ப்ரசர் வேகம், ஒவ்வொரு பிளாக்கின் சூடு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறோம். தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் மே மாதத்தில் ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வேறு யார் பார்த்தாலும் அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம். கேஜை மாட்டுவதற்கு முன் சந்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும் என்று மேலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.